முடிஞ்சா வாங்க, கண்ணு

என் அருமை தேவகி அக்காவுக்கு,

இத்தனை வருஷம் எல்லாவற்றையும் வாயால் சொல்லியே பழகியவள் உட்கார்ந்து எழுதுகிறேன் என்றாலே, ஏதோ ஏடாகூடமாகச் செய்துவிட்டு வந்திருக்கிறாள் என்று நீ கண்டுபிடித்திருப்பாய். ஆமாம் அக்கா, செய்துவிட்டேன். கணபதியில் இருக்கும் உன் வீட்டுக்குள் நின்று, மாலை போட்ட உன் படத்தை நிமிர்ந்து பார்க்க முடியாமல் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினேன். அன்றிலிருந்து உன்னை நினைத்தாலே கூனிக் குறுகிப்போகிறேன்.

கல்லூரி மலருக்காக உன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். உன் சாதனைகள், உன் சிரித்த முகம், அந்த மாதிரி. எனக்கு அது வரவில்லை. உன்னைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என்னைப் பற்றித்தான் வருகிறது. அச்சில் வந்து எல்லாரும் படிக்கட்டும், அதுதான் எனக்குச் சரி.

சொல்லத்தான் வந்தேன், ஆனால் உடனே வாய் வரவில்லை. அதனால் முதலில் நம் பேஸ்பால் மைதானத்துச் சேதி. பந்து பிடிக்கும் கேட்சருக்குப் பின்னால் கிழிந்து தொங்கிய வலையை மாற்றிவிட்டார்கள். நீ நாலு வருஷம் கேட்டுக் கிடைக்காதது, நீ போன மூன்றாம் மாசம் கிடைத்தது. தர்ட் பேஸ் பக்கம் தண்ணீர் தேங்குமே, அங்கே கிராவல் மண் கொட்டியாயிற்று. நம் அறையில் உன் நாற்காலியில் நான் இன்னும் உட்காரவில்லை. மரியாதை என்று நினைத்துக்கொள்ளாதே, அதற்கு ஒரு கால் ஆடுகிறது.

புதிதாக வரும் பிள்ளைகளின் அப்பாக்கள் இன்னமும் "பேஸ்பாலுன்னா என்னங்க, கிரிக்கெட்டுங்களா?" என்றுதான் கேட்கிறார்கள். "கிரிக்கெட்டுக்குப் பங்காளி வகைங்க" என்று நீ சொல்வாயே, அதையே நானும் சொல்லிச் சமாளிக்கிறேன். மட்டை உருளையாக இருக்கும், அடித்துவிட்டு நாலு மூலையையும் சுற்றி ஓடி வர வேண்டும், அவ்வளவுதான் என்றால் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டுத் தருகிறார்கள்.

உன் மகள் நிவி இப்போது இரண்டாம் வருஷம். மூன்றாவது மூலையான தர்ட் பேஸில் நிற்கிறாள். உன்னை மாதிரியே, பந்து வருவதற்குள் உதட்டைக் கடித்துக்கொள்கிறாள். மைதானத்தில் நான் அவளுக்கு மேடம். கோட்டைத் தாண்டி வெளியே வந்தால் சித்தி. நீ ஏற்படுத்திய வழக்கம், அவள் ஒரு நாளும் மாற்றிச் சொன்னதில்லை.

சரி. இனி வேறு சேதி இல்லை.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் நீ எழுதிய சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இந்தக் கல்லூரியில் நீ உடற்கல்வி இயக்குநர், நான் உனக்கு உதவியாள், கூடப் பிறக்காத தங்கச்சி. நம் பக்கத்துக் கல்லூரிகள் சேர்ந்து வைத்திருக்கும் விளையாட்டுக் குழுவில், பேஸ்பாலுக்குப் பயிற்சிச் சட்டம் எழுதிக்கொண்டு போனவள் நீ. அமெரிக்காவில் கல்லூரி அணிகள் இலையுதிர் காலத்தில் எப்படிப் பயிற்சி எடுக்கின்றன, அதற்கு மேலே இருப்பவர்கள் என்னென்ன கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள் என்று போனில் படித்துப் படித்துக் கண் சிவந்து வருவாய். "நம்மூர்ல எலை எங்கக்கா உதிருது, மழைதானே உதிருது" என்று நான் கேலி செய்வேன். உனக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர் வைத்ததும் நான்தான்.

சட்டம் இதுதான். தை பிறந்தபின் போட்டி. அதற்கு முன்னால் ஐப்பசியில் சில வாரம் பயிற்சி. எந்தெந்த வாரம் என்று ஒவ்வொரு கல்லூரியும் முன்கூட்டியே குழுவுக்குச் சொல்லிவிட வேண்டும், சொன்னபின் மாற்றக் கூடாது. வாரத்துக்கு இவ்வளவு மணி நேரம்தான் என்று ஒரு வரம்பு. பரீட்சைக்கு முந்தின வாரம் மட்டையைத் தொடக் கூடாது. மழையில் போன நேரத்தை அடுத்த வாரத்தில் சேர்த்துக்கொள்ளக் கூடாது. வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு. அந்த ஓய்வு நாளில் பிள்ளைகள் தாங்களாக ஆசைப்பட்டு வந்து பந்து போட்டுக்கொண்டால் அது கணக்கில் வராது. ஆனால் பயிற்சியாளர் அவர்களைக் கூப்பிடக் கூடாது. யார் வந்தார்கள் என்று குறிக்கக் கூடாது. வராதவளை ஏன் வரவில்லை என்று கேட்கக் கூடாது.

அந்தக் கடைசி மூன்றுக்காக நீ எவ்வளவு மல்லுக்கு நின்றாய். கூட்டத்தில் ஒரு கல்லூரிக்காரர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "ஏனுங்க மேடம், நம்மூருப் புள்ளைகளப் போயி ஆருங்க கட்டாயப்படுத்தறாங்க? கூப்புட்டாலே வந்துருமுங்களே."

"அதுக்குத்தானுங்க, கூப்புடவே கூடாதுங்கறேன்" என்றாய் நீ.

எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானும் சிரித்தேன். நீ என்னவோ சாமர்த்தியமாக மடக்கிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். அதற்குமேல் அந்த வாக்கியத்தில் ஏதோ இருக்கிறது என்று தோன்றவே இல்லை. உனக்கு மட்டும் எப்படி அக்கா தோன்றியது?

ஞாயிற்றுக்கிழமைகளில் நீ மைதானத்துச் சாவியைக் கேப்டனிடம் கொடுத்துவிட்டு, வீட்டில் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். "எட்டியாவது பாத்துட்டு வரலாங்க்கா" என்று நான் பரபரப்பேன். "நாம பாத்தாவே புள்ளைக கணக்கு வெச்சுக்கும், சும்மா இரு" என்பாய். எனக்குச் சும்மா இருக்க வராது என்று உனக்குத் தெரியும்.

இந்த வருஷம் வாரங்களைத் தேர்ந்தெடுத்தது நான். ஆயுத பூஜை விடுமுறை முடிந்த கையோடு ஆரம்பிக்கிறோம் என்று குழுவுக்குச் சொல்லிவிட்டேன். இரண்டு வாரம் தள்ளி வைத்திருக்கலாம், வைக்கவில்லை. நீ இல்லாத முதல் வருஷம், உன் பேரில் தை மாசப் போட்டிக் கோப்பையை வாங்கி உன் நாற்காலிக்கு மேலே வைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிள்ளைகளிடமும் சொன்னேன், "உங்க தேவகி மேடத்துக்காக ஜெயிக்கறோம்" என்று. நிவி அப்போது மட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

மழை பிடித்துக்கொண்டது. சொல்லி வைத்த மாதிரி தினம் மூன்று மணிக்கு இருட்டிக்கொண்டு வந்தது. பிள்ளைகள் ஷூவைக் கட்டுவதும் மழை கொட்டுவதும் ஒரே நேரத்தில் நடந்தது. வரம்பில் பாதி நேரம்கூட ஆடவில்லை, போன நேரத்தைச் சேர்த்துக்கொள்ளவும் முடியாது. ஜன்னலில் நின்றுகொண்டு உன்னைத் திட்டினேன். எல்லாத்துக்கும் சட்டம் எழுதினவ மழைக்கும் ஒண்ணு எழுதிவெச்சுட்டுப் போயிட்டா பாரு என்று வாய்விட்டே சொன்னேன்.

அப்போதுதான் எனக்குப் புத்தி வேலை செய்தது. ஓய்வு நாள் இருக்கிறதே. கூப்பிடக் கூடாது என்றுதானே சட்டம்? அணியின் வாட்ஸப் குழுவில் இப்படிப் போட்டேன்: "ஞாயித்துக்கிழமை காலைல கிரவுண்டு தொறந்திருக்கும். முடிஞ்சா வாங்க கண்ணுங்களா. கட்டாயமில்லை." போட்டுவிட்டு நானே இரண்டு முறை படித்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன். கூப்பிடவில்லை, கட்டாயப்படுத்தவில்லை, சட்டாம்பிள்ளையே வந்தாலும் குறை சொல்ல முடியாது என்று நினைத்தேன்.

பத்து நிமிஷத்தில் எல்லாப் பிள்ளைகளும் பதில் போட்டுவிட்டார்கள். "வாரேனுங்க மேடம்." ஒன்றன்கீழ் ஒன்றாக அதே வார்த்தை. நிவியும் போட்டிருந்தாள். என் பிள்ளைகளுக்கு ஆட்டத்தின்மேல் எவ்வளவு ஆசை என்று பூரித்துப்போனேன்.

ஞாயிறு காலை போத்தனூரில் முதல் ஆராதனையை முடித்துக்கொண்டு, பஸ் நிறுத்தத்துப் பேக்கரியில் எல்லாருக்கும் சூடாக முட்டை பஃப்ஸ் வாங்கிக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். பல்லடத்திலிருந்து வரும் கேப்டன் பிரியா உட்பட ஒருத்தி பாக்கியில்லாமல் வந்திருந்தார்கள். நான் எண்ணவில்லை அக்கா, கண் தானாக எண்ணிக்கொண்டது. அன்றைக்கு என்று வெயில் சுள்ளென்று அடித்தது. கர்த்தரே அனுப்பிய வெயில் என்று நினைத்தேன்.

நிவி சுலபமான பந்தையெல்லாம் விட்டுக்கொண்டிருந்தாள். தரையோடு உருண்டு வந்த ஒன்று அவள் கால் நடுவே போனது. அடுத்ததற்குக் குனிந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஓடிப்போய் நிழலுக்குக் கூட்டி வந்தேன்.

"ஏங்கண்ணு, காலைல சாப்பிட்டியா?"

"இல்லீங்க மேடம்."

"ஏன்?"

"பசிக்கலீங்க."

"அதெப்படிப் பசிக்காமப் போகும்? வெறும் வயித்தோட வெயில்ல நின்னா மயக்கந்தான் வரும். இந்தா, இதச் சாப்பிடு."

"அப்பறமா சாப்பிட்டுக்கறேனுங்க மேடம்."

"அப்பறமெல்லாம் கெடையாது. என்ற கண்ணு முன்னாடி தின்னுபோட்டு எந்திரி."

கையில் பஃப்ஸை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன். உதட்டைக் கடித்துக்கொண்டாள், பிறகு சாப்பிட்டாள். உள்ளே இருந்த முட்டையை ஒதுக்கப் பார்த்தாள், "அதுதான் தெம்பு, அதையும் தின்னு" என்றேன். தின்றாள். அப்புறம் குழாயடிக்குப் போய் ரொம்ப நேரம் வாய் கொப்புளித்தாள். பேக்கரிக்காரன் உப்பைக் கூடப் போட்டுவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்தேன். சத்தியமாக அதைத்தான் நினைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "நான் போலாமுங்களா மேடம்?" என்று கேட்டாள். "இன்னொரு ரவுண்டு பிடிச்சுட்டுப் போலாங்கண்ணு" என்றேன். "செரிங்க" என்று போய்த் தன் மூலையில் நின்றாள்.

இதெல்லாம் அப்போது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. உன் நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது அக்கா. அதை மறந்தேன் என்று மட்டும் நினைத்துவிடாதே. எங்கள் வீட்டில் இறந்த நாள் என்றால் இங்கிலீஷ் தேதிதான். கல்லறைத் தோட்டத்தில் அப்பாவின் கல்லில் வெட்டியிருப்பதும் அந்தத் தேதிதான், ஜெபம் வைப்பதும் அந்தத் தேதியில்தான். உன் தேதி வருவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே பூக்காரம்மாவிடம் சம்பங்கி மாலைக்குச் சொல்லி வைத்திருந்தேன்.

அந்த நாள் காலையில் மாலையோடு உன் வீட்டுக்குப் போனேன். கீழே பட்டறையில் லேத் ஓடிக்கொண்டிருந்தது. உன் வீட்டுக்காரர், எனக்கு மாமா, மேலே வந்து, "வா அம்மணி" என்று கதவைத் திறந்தார். உன் படத்தில் ஏற்கெனவே ஒரு மாலை இருந்தது, காய்ந்து சுருண்டுபோன மாலை.

"மாமா, பூ வாடிக் கெடக்குதுங்களே, இன்னைக்கு மாத்தலீங்களா?" என்றேன்.

"இன்னைக்கு என்ன அம்மணி விசேஷம்?"

"அக்கா போன நாளுங்களே மாமா."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "ஓ, தேதியச் சொல்றியா. எங்களுக்குத் திதிதானே அம்மணி கணக்கு. அது போன மாசக் கடைசி ஞாயித்துக்கெழமையே வந்துருச்சே. விடியால பேரூரு ஆத்தங்கரைக்குப் போயித் திதி குடுத்துப்போட்டு வந்துட்டேன்."

போன மாசக் கடைசி ஞாயிறு. பிள்ளைகளை நான் மைதானத்துக்கு வரச் சொன்ன ஞாயிறு.

"நிவிங்க மாமா?"

"பாப்பா கிரவுண்டுக்குப் போயிட்டு வந்துதான் எல போட்டு, காக்காய்க்குச் சோறு வெச்சுது. சித்தி கூப்புட்டிருக்காங்கப்பான்னுது. செரி, போயிட்டு வா சாமின்னு நாந்தான் அனுப்பிச்சேன்."

"நான் கட்டாயம்னு சொல்லலீங்களே மாமா. முடிஞ்சா வாங்கன்னுதானுங்க போட்டேன்."

"அதத்தான் அம்மணி நானுஞ் சொல்றேன். முடிஞ்சா வான்னு மரியாதையாச் சொன்னதுக்கப்பறம் எப்படி வராம இருக்கறது?"

குத்திக் காட்டவில்லை அக்கா. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை எனக்கு ஞாபகப்படுத்துகிற மாதிரிதான் சொன்னார். எனக்கு மட்டும் தெரியாதா? என் வீட்டுக் கல்யாணங்களுக்கு "முடிஞ்சா வாங்க" என்று நானே எத்தனை வீட்டு வாசலில் சொல்லியிருக்கிறேன். முடியாதவர்களும் அடித்துப் பிடித்து வந்து சேர்ந்தார்கள். நம் பக்கத்தில் "வா" என்றால்கூட ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். "முடிஞ்சா வாங்க, கண்ணு" என்று சொல்லிவிட்டால் தப்பிக்க வழியே கிடையாது. நீ கூட்டத்தில் சொன்னது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. கூப்பிட்டாலே வந்துவிடுவார்கள் என்பதற்காகத்தான் கூப்பிடவே கூடாது என்றாய்.

தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அன்னைக்கு விரதமுங்களா மாமா?"

"ஆமா, எல போடற வரைக்கும் பச்சத் தண்ணிதான். மொதல் வருசமில்ல, அம்மாவுக்கு நானும் இருப்பேன்னு பாப்பா ஒரே பிடிவாதம்" என்றவர், சட்டென்று எழுந்து, "இரு அம்மணி, காப்பி வெக்கறேன்" என்று உள்ளே போய்விட்டார்.

அந்தக் காபியைக் குடித்தேனா என்றுகூட ஞாபகமில்லை. மாலையை மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன். உனக்குப் போடவில்லை. போட எனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது.

மறுநாள் சாமான் அறையில் நிவி பந்துகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்திவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஏங்கண்ணு எங்கிட்டச் சொல்லல? அம்மா திதின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வேண்டான்னிருப்பனே."

"நீங்க கூப்புட்டீங்களேங்க."

"முட்டை சாமி அது. அதையாவது வேண்டாம்னு சொல்லியிருக்கலாமில்ல?"

பந்தின் தையலை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். "நீங்க பயந்துட்டீங்க மேடம், எனக்கு என்னமோ ஆயிருச்சுன்னு. அதான்."

அப்பாவிடம் சொன்னாயா என்று கேட்டேன். அன்றைக்கே சொல்லிவிட்டாளாம். "சித்தி கையால குடுத்தா அம்மா ஒண்ணும் நெனைக்க மாட்டா, வாயக் கொப்புளிச்சுட்டு எல போடுன்னாருங்க." மாமாவுக்குத் தெரியும் அக்கா. தெரிந்துகொண்டேதான் முந்தின நாள் எனக்குக் காபி வைத்துக் கொடுத்தார். அவர் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் நான் பிழைத்துப்போயிருப்பேன்.

அன்று காக்கா வர ரொம்ப நேரமாயிற்றாம். மொட்டை மாடியில் இலையோடு நின்று அம்மா அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாளாம். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை உண்டா என்று கேட்டால் என்ன சொல்வது? ஆனாலும் கேட்கிறேன். கோபமா அக்கா? என்மேலா?

உன் சட்டப்படி நான் செய்தது தப்பு என்று குழுவுக்குப் போய்ச் சொன்னேன். செயலாளர் என் போனை வாங்கி அந்தச் செய்தியைப் படித்துப் பார்த்தார்.

"கட்டாயமில்லைன்னு நீங்களே போட்டிருக்கீங்களே மேடம். இதுல எங்கீங்க தப்பு?"

"கண்ணுங்கறதுலீங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். எல்லாக் கல்லூரியிலும் இப்படித்தானுங்க நடக்குது, பெருசு பண்ணாதீங்க என்றார். நான் விடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நேரத்தைக் கணக்கில் சேர்த்து, அதற்கு ஈடாக எங்களுடைய கடைசி வாரப் பயிற்சியை வெட்டச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். வெட்டிவிட்டார்கள். நம் முதல்வருக்கு என்மேல் வருத்தம். கோப்பைக் கனவு அநேகமாக அவ்வளவுதான். உன் நாற்காலிக்கு மேலே சுவர் வெறுமையாகவே இருக்கட்டும்.

பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்து நடந்ததைச் சொன்னேன். நிவியின் பேரைச் சொல்லவில்லை, அவளே கை தூக்கி, "எனக்குத்தானுங்க அது" என்றாள். அவள் சம்மதித்தபிறகுதான் இதையும் எழுதுகிறேன். பிறகு கேட்டேன்: "அன்னைக்கு ஆராரு மனசில்லாம வந்தீங்க? தைரியமாச் சொல்லுங்க."

எல்லாரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். "நாங்க எல்லாரும் ஆசப்பட்டுத்தானுங்க மேடம் வந்தோம்" என்றாள் பிரியா. அவள் வீட்டுக் கோழிப் பண்ணையில் அன்று லோடு ஏற்றும் நாள் என்றும், அம்மா ஒற்றை ஆளாக நின்றார் என்றும் வேறொருத்தி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. சிரிப்பதா அழுவதா? மன்னிப்புக் கேட்கப் போன இடத்திலும் எனக்கு மரியாதைதான் கிடைத்தது. இந்தப் பிள்ளைகள் வாயிலிருந்து ஒரு "இல்லை"யை எப்படி வாங்குவது என்று நீ எந்தச் சட்டத்திலும் எழுதி வைக்கவில்லையே.

கடைசியில் நீ செய்ததையே செய்தேன். சாவியைப் பிரியா கையில் கொடுத்துவிட்டு, வாட்ஸப் குழுவில் ஒரு வார்த்தையும் போடாமல், ஞாயிற்றுக்கிழமை போத்தனூரில் என் வீட்டிலேயே இருக்கப் போகிறேன் என்று முடிவு செய்தேன். மைதானத்தில் யாராவது இருப்பார்களா, யாருமே வரமாட்டார்களா என்று கை பரபரத்தது. போனைத் துணி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். சும்மா இருப்பது இவ்வளவு பெரிய வேலை என்று நீ ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம்.

ஆனால் அதற்கு முந்தின நாள் சனிக்கிழமை சாயங்காலம் ஒன்று நடந்தது, அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். நிவியை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடலாம் என்று போன் செய்தேன். அவளுக்குப் பிடித்ததைச் சமைத்துப் போட்டாலாவது என் மனசு ஆறாதா என்று ஒரு நப்பாசை. சைவம்தான், பயப்படாதே.

"நாளைக்கு மத்தியானம் எங்கூட்டுக்குச் சாப்பிட வாரியா சாமி? முடிஞ்சா வா கண்ணு" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். இவ்வளவு பட்டபிறகும் அதே வார்த்தை. என் வாய்க்கு வேறு பேச்சே தெரியவில்லை. "வாரேனுங்க" வரப்போகிறது என்று காத்திருந்தேன். வந்தால் என்ன செய்வது, கூப்பிட்டதை எப்படித் திரும்ப வாங்கிக்கொள்வது என்று தவித்துக்கொண்டிருந்தேன்.

"வர்ல சித்தி. தூங்கோணும்" என்றாள்.

அந்த "ங்க" இல்லை அக்கா. காரணத்துக்கு ஒரு ஜோடனை இல்லை. உன்னிடம் எப்படிச் சொல்வாளோ அப்படிச் சொன்னாள். "செரி, தூங்கு" என்று போனை வைத்துவிட்டு, அடுப்படியில் தரையில் உட்கார்ந்து அழுதேன். எதற்கு அழுதேன் என்று உனக்குத் தெரியும். மறுநாள் தூங்கினாளா, மைதானத்துக்குத்தான் போனாளா என்று இன்று வரை நான் கேட்கவில்லை.

என் வெட்கம் இதோடு தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். குழாயடியைத் தாண்டும்போதெல்லாம் அவள் வாய் கொப்புளித்துக்கொண்டு நின்றது தெரிகிறது. அது அப்படியே இருக்கட்டும், போகவேண்டாம்.

ஒரு வாக்கு மட்டும் கொடுக்கிறேன். இனி ஒவ்வொரு வருஷமும் ஐப்பசிப் பயிற்சிக்கு வாரம் குறிக்கும் முன்னால் மாமாவிடம் உன் திதியைக் கேட்டுக்கொள்வேன். அந்த நாளை முதலில் அடித்துவிட்டுத்தான் மற்ற நாளை எழுதுவேன். அன்றைக்கு மைதானம் பூட்டியிருக்கும். நானும் பச்சத் தண்ணியோடு இருந்து, உன் வீட்டு மொட்டை மாடியில் நிவிக்குப் பக்கத்தில் நின்று, காக்கா எவ்வளவு நேரம் கழித்து வந்தாலும் நிற்பேன்.

முடிஞ்சா இல்லை அக்கா. வாரேன்.

இப்படிக்கு,
உன் தங்கச்சி, நிவிக்குச் சித்தி,
எஸ்தர்